சோல்ஜரு ஜாஸ்தி

கரண்ட் போய்விட்டது. ரத்தம் பரிசோதிக்கும் ரங்கநாதன் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் தூக்கி வைத்து, அதன் அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பி வாலாஜாபாத் சாலையின் வெயிலைப் பிடிக்கிறார். எங்காவது ஒன்றிரண்டு தெரிய வேண்டிய வெள்ளையணுக்கள் ஊதா நிறத்தில் மொய்க்கின்றன, அத்தனையும் முதிராதவை. உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு ரசாயனத்தால் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும்: பெருகு, போதும், செத்துப்போ. இவற்றின் காதில் அந்தப் 'போதும்' விழவே இல்லை. ரத்தம் கொடுத்த அலமேலு எதிர் பெஞ்சில், விரல் நுனியில் காய்ந்த சொல்யூஷன் பசையைத் தோல் மாதிரி உரித்துக்கொண்டிருக்கிறாள். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் அடிப்பாகம் ஒட்டுகிற கை. "இன்னா சார் கீது?" என்கிறான் அவள் புருஷன் ஏகாம்பரம். "வெள்ளையணு ஜாஸ்தியா இருக்கு" என்கிறார் ரங்கநாதன். ஏகாம்பரத்தின் முகம் மலர்கிறது. "கிருமியோட சண்ட போடுற சோல்ஜருதானே அது? எம்பொண்ணு புஸ்தகத்துல படிச்சிகினு இருந்துச்சே. நெறைய இருந்தா நல்லதுதானே சார்?" ரங்கநாதன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அலமேலு சிரிக்கிறாள், ஈறோரம் ரத்தம் கசிந்திருக்கிறது. வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கடி, ஊசி வலிக்கவே இல்ல" என்று கூப்பிடுகிறாள். "கம்பெனில எங்க லைன் பொண்ணுங்க சார். இவளுங்களும் தல சுத்துதுன்றாளுங்க. சோல்ஜரு நெறைய கீதான்னு பாத்து சொல்லுங்க." வாசல் திரை விலகுவதற்கு முன்பே சொல்யூஷன் நெடி உள்ளே வந்துவிடுகிறது.