எங்கம்மா கேக்கு

"இது இல்ல. எங்கம்மா செய்யறது இப்படிக் கசக்காது."

பிரியா ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பூங்குழலியின் முகம் வாடிப்போனது.

தமிழழகனுக்கு இரண்டாந்தாரமாக வந்ததிலிருந்து பூங்குழலியை அந்தப் பிள்ளை 'சித்தி' என்றுகூடக் கூப்பிட்டதில்லை. "சீப்பு எங்க?" "சோறு ஆச்சா?" எல்லாம் சுவரைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், செத்துப்போன தாய் அனுசுயாவின் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாக வாய் திறந்து, "எங்கம்மா சாக்லேட் கேக்கு செஞ்சு தரும்" என்றாள்.

விடுவாளா பூங்குழலி? அந்த ருசியைப் பிடித்துவிட்டால் பிள்ளையின் மனசையும் பிடித்துவிடலாமே!

கோக்கோ பவுடர் கசந்துவிட்டதால், அடுத்த வாரம் பால் சாக்லேட்டை உருக்கி ஊற்றினாள்.

"அய்ய, திகட்டுது. எங்கம்மாது இவ்ளோ இனிக்காது."

ஜெயங்கொண்டத்தில் பேக்கரி வைத்திருக்கும் சிங்காரவேலுவிடம் போய் நின்றாள்.

"ஏம்மா, பால் சாக்லேட்டுலயே சர்க்கரை கெடக்கு. அதுக்கு மேல நீயும் அள்ளிக் கொட்டுனா திகட்டாம என்ன பண்ணும்? கோக்கோன்னா வெண்ணெயும் சர்க்கரையும் கூடப் போடணும். இந்தா, இந்தக் கறுப்புச் சாக்லேட்ட உருக்கிப் பாரு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கட்டிதட்டிப் போயிரும், பாத்துக்க."

வீட்டுக்கு வந்து குக்கரில் உப்பைப் பரப்பினாள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்தாள்.

கேக் செய்கிற நேரத்தில் மட்டும் பிரியா படத்தடியை விட்டு அடுப்படிக்கு வருவாள். "மாவ நான் கலக்கட்டா?" என்பாள். அன்றைக்குக் கேக் வேகும்வரை பூங்குழலியின் தோளில் சாய்ந்துகொண்டு, கணக்கு டீச்சர் தூங்கி வழிந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்குப் பலித்துவிடும் என்று பூங்குழலி நம்பினாள்.

பிரியா ஒரு துண்டைப் பிட்டுத் தின்றாள். இன்னொன்றும் எடுத்தாள். அதையும் தின்றுவிட்டு விரலை நக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மாது இது இல்ல."

வாசலில் லாரி வந்து நின்றது. சுண்ணாம்புக்கல் தூசியோடு இறங்கிய தமிழழகனிடம் ஓடினாள் பூங்குழலி.

"ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. அக்கா கேக்குக்கு எந்தச் சாக்லேட் போடுவாங்க?"

"கேக்கா? அனுசுயாவா?" அவன் முழித்தான். "முந்திரிக் கொல்லையிலேர்ந்து வந்து சோறு வடிக்கவே அவளுக்குப் பொழுது பத்தாது. ஒருநாளும் கேக்கு செஞ்சதில்ல புள்ள, யாரு சொன்னா ஒனக்கு?"

அவள் திகைத்து நிற்கும்போதே அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"சித்தி! நாளைக்கு வெள்ளைச் சாக்லேட் போட்டுப் பாப்பமா? எங்கம்மா அதத்தான் போட்டுருக்கும்!"

"அப்படித்தான் இருக்கும் பாப்பா, செஞ்சு பாத்துருவோம்!" என்று புருஷன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே குரல் கொடுத்தாள் பூங்குழலி.