பச்சை எள்

வாசனை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, எள்ளை வாணலியில் போட்டு வறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று.

அடுப்பை அணைத்தாள்.

நேற்று கணவர் கடையிலிருந்து வாங்கிவந்து, தனிப் பொட்டலமாக அவள் கையில் கொடுத்த கறுப்பு எள். பொடி இடிக்க வாங்கியதல்ல. நாளை ஆடி அமாவாசை. மலைப் பாதையில் ஓடும் ஓடையில் நின்று, தண்ணீரோடு சேர்த்து இறைக்க வேண்டிய எள். அதற்குப் பச்சை எள்தான் ஆகும். வறுத்தது ஆகாது. இது தெரியாதவளா அவள்?

போன ஆடியில் இதே வாணலியில்தான் வறுத்தாள்.

பொடி இடித்து, நல்லெண்ணெய் விட்டு, இட்லியில் இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். மகன் கூட்டாளிகளோடு மலை ஏறினான். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் திடீரென்று வெள்ளம். கூடப் போனவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள்.

அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

கிடைக்காதவனை எப்படிச் செத்தவன் என்று சொல்வது? அவள் சொல்லவில்லை. காரியம் செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. தெருவே உச்சுக்கொட்டியது. கொட்டட்டும் என்று இருந்தாள்.

வருஷம் திரும்பப் போகிறது என்றதும் அவளுடைய அண்ணன் வந்து உட்கார்ந்தார்.

"எள்ளும் தண்ணியும் இறைக்காம புள்ளைய அந்தரத்துல நிப்பாட்டி வச்சிருக்கீங்களே, பாவம் இல்லையா?"

கணவர் தலையாட்டிவிட்டார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்று சாயங்காலம் வேன்.

பை கூடத்தில் வாய் திறந்து கிடக்கிறது. மாற்று வேட்டியைப் பாலிதீன் கவரில் சுருட்டி அடியில் வைத்தாள். சூடத்தையும் தீப்பெட்டியையும் நமுத்துப் போகாமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். டார்ச் லைட். மூட்டு வலித் தைலம். வெறுங்கால் வழுக்கும், செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று கணவரிடம் சொல்ல நினைத்தாள். சாமி மலையில் அவர் கேட்கமாட்டார்.

ஓட்டின் மேல் மழை சடசடவென்று அடித்தது.

அவள் காது முழுக்க அங்கேதான் இருந்தது. மழை வலுத்தால் மலைக்கு விடமாட்டார்கள். வனத்துறை அடிவாரத்திலேயே கேட்டைச் சாத்திவிடும். ஓடை கேட்டுக்கு அப்பால்.

பெய், நல்லா பெய் என்று மனசுக்குள் சொன்னாள். பிள்ளையைக் கொண்டுபோன மழையிடமே கெஞ்சுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் கெஞ்சினாள்.

கணவர் அடுக்களைக்கு வந்தார்.

எள் வாசனை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. கண் தானாகவே வாசல் பக்கம் போனது. பிறகு வாணலியைப் பார்த்தார்.

"மறந்துட்டியா?"

மறந்துபோய் வறுத்தாளா, வேண்டுமென்றே வறுத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மறுபடி எள் வாங்க மழையில் இறங்கிப் போனார்.

அவர் போன கையோடு போன் அடித்தது. வேன் பிடித்திருக்கும் செல்லையா.

"மதினி, மலையில மழை விட்ருச்சாம். நாளைக்கு ஏற விடுறாங்களாம். அண்ணன வெரசாக் கெளம்பச் சொல்லுங்க."

"சரி" என்றாள்.

ஓட்டின் மேலும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கடைசியில் தாழ்வாரத்துச் சொட்டு மட்டும் கேட்டது.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுதது அப்போதுதான். அழுதால் அவன் போய்விட்டான் என்று ஆகிவிடும் என்று அடக்கி வைத்திருந்தாள்.

அவர் நனைந்து வந்தார். பொட்டலத்தை மட்டும் மடியில் நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

அவள் அதைச் சுளகில் கொட்டினாள். தூசி போகப் புடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துவைத்துக் கல் பொறுக்கினாள். தண்ணீரில் இறைக்கிற எள்ளுக்கு யாரும் கல் பார்ப்பதில்லை. வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. ஈர வேட்டியோடு பக்கத்தில் நின்றார்.

வெள்ளைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்தாள். அவளே ஜிப்பை இழுத்து மூடினாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஓடைக்கரையில் ஐயர் இருப்பார். யாருக்கு என்று கேட்பார். இவர் மகன் பேரைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை அந்தப் பேரைச் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும்.

"ஏங்க."

அவர் நின்றார்.

"ஐயரு பேரு கேட்டா சண்முகபாண்டின்னு சொல்லிறாதீங்க" என்றாள். "பூச்சின்னு சொல்லுங்க. சண்முகபாண்டின்னு கூப்பிட்டா அவன் என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கான்?"