தினமும் வரும் திருடன்

"திருடன் வந்தாச்சு சார்!" பக்கத்து நாற்காலிப் பெண் திரையைக் காட்டினாள்.

பூட்டு பல்லைக் கடித்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சர்வரில் ஒரு சந்துகூடத் திறந்து விடாத ஆசாமி என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் பூட்டுதான்.

அந்த சர்வரில் ஏகப்பட்ட பள்ளிக்கூடங்களின் இணையதளங்கள். அவற்றில் ஏதோ ஒரு ஃபைலை மட்டும், அவர் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும், யாரோ திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கேட்கிற கருவியின் இணைய முகவரியைத் தடுத்தால் மறுநாள் வேறு முகவரியில் வந்து நின்றார்கள். மேலாளர் காலையிலேயே அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார்.

"இன்னைக்கு இவனுக்கு ஒரு முடிவு கட்டுறேன்" என்று கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தார். முதலில், சர்வருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் விதிகளின் தொகுப்பைப் புதுப்பித்தார். ஒரே ஃபைலை ஓயாமல் கேட்கிறவர் யாராக இருந்தாலும் வெளியே தள்ளும் விதி ஒன்று அதில் உண்டு. அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

"அதை வேணும்னேதானே ஆஃப் பண்ணி வச்சோம்? நல்ல மனுஷங்களும் மாட்டிப்பாங்க சார். அது என்ன ஃபைலுன்னு ஒரு தடவை திறந்து பாத்துடலாமே?"

"பேரே வெறும் நம்பர். அதையெல்லாம் திறந்து பாத்துட்டு இருந்தா வேலை உருப்பட்ட மாதிரிதான். ஒரே ஃபைலை எந்த மனுஷம்மா நாள் பூரா கேப்பான்? இது மெஷின்!"

மதியம் வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அழுதியா?"

"இல்லைங்க."

மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த நாளிலிருந்து மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். கண்ணில் பட்டால்தானே துக்கம் என்று தன் அண்ணன் சொன்னதைக் கேட்டு, குழந்தையின் படங்கள், சட்டைகள், பள்ளிப் பை எல்லாவற்றையும் அலமாரியில் போட்டுச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவள் போனிலிருந்த வீடியோக்களையும் அழித்தார். அவருக்கு மட்டும் வலிக்காமலா இருந்தது? இவளையும் இழந்துவிடக் கூடாதே என்ற பயம். இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை. அந்த ஒரு தெம்பில்தான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரமாகத் திருடனின் சுவடே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஆரம்பமானது.

"நீங்க போன் பேசினப்போ அவனும் சாப்பிடப் போயிட்டான் போல" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"வந்தவனுக்கு நல்லா வரவேற்பு குடுப்போம்."

விதியை இயக்கினார். பிழை ஏதும் இல்லை என்று சோதித்துவிட்டு, புதிய விதிகளை சர்வர் ஏற்றுக்கொள்ளும்படி கடைசிக் கட்டளையைக் கொடுத்தார். திருடன் ஒருமுறை கேட்டான், இன்னொரு முறை கேட்டான். அப்புறம் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சிவப்பில் ஒரு வரி விழுந்தது. அதே வரி மறுபடியும் மறுபடியும் விழுந்து, ஒருவழியாக நின்றுபோனது.

"ஒழிஞ்சான்!" பூட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. மனைவி. அவளாக ஒருநாளும் கூப்பிடுகிறவள் இல்லை. பதறிப்போய் எடுத்தார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

விசும்பலை அடக்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"ஸ்கூல் விழாவுல பாப்பா பாடினது ஒண்ணுதாங்க மிச்சம் இருந்துச்சு... அதையும் எடுத்துட்டீங்களா?"