முந்தானைச் சரிகை

வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பள உயர்வைச் சுகாசினி ஏன் வேண்டாம் என்கிறாள் என்பது பட்டுக்கடை முதலாளி கலியனுக்குப் பிடிபடவே இல்லை. கடையின் ஆன்லைன் விற்பனை முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. எதிர்க்கடைக்காரன் வலை விரித்துவிட்டானோ? அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலே அவருடைய காது நீண்டது.

"உண்மையைச் சொல்லும்மா. எதிர்க்கடைக்குப் போவப் போறியா?"

"இல்ல சார். வருமானம் பதினாறு லட்சத்தைத் தாண்டுனா இருபது சதவீதம் வரியாமே? மொத்தச் சம்பளத்துலயும் புடிச்சிக்கினா எனக்குத்தானே நஷ்டம்?"

கலியனுக்கு உயிர் வந்தது. ஒரு சேலையை உதறி விரித்தார்.

"இதப் பாரு. முந்தானையில மட்டும் முழுச் சரிகை இருக்குது. அதுக்காகச் சேலையோட ஒடம்புக்கும் சரிகை விலையா போடுறோம்? வரியும் அப்படித்தாம்மா. பதினாறுக்கு மேல போற பணத்துக்கு மட்டும்தான் இருபது. கீழ இருக்கிறதுக்குப் பழைய கணக்கேதான். எந்த முட்டாள் உனக்கு மாத்திச் சொன்னான்?"

"போன வருஷம் நான் உயர்வு கேட்டப்போ நீங்கதான் சார் சொன்னீங்க."

கலியன் சேலையை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாகவே விழவில்லை.

"அதையும் சேர்த்து ரெண்டு லட்சமாப் போட்டுடுங்க சார்," என்றாள் சுகாசினி. "முந்தானைக்கு மட்டும் நான் இருபது கட்டிக்கிறேன்."