நுரை பொங்குமுன்

சராயேவோ மருத்துவமனையின் சமையலறையில் நெர்மினுக்கு அன்று செய்முறைத் தேர்வு. தேறினால்தான் ஆக்குபேஷனல் தெரபி பட்டம் கிடைக்கும்.

அடுப்பருகே அமர்ந்திருந்த ஸும்ரெத்தா என்ற முதிய பெண்மணி முகம் சுளித்தார்.

"தண்ணி கொதிக்கறதுக்குள்ள தூளைக் கொட்டுறியே, இது காபியா சேறா?"

"சொல்லிக் குடுங்கம்மா."

"காபி போடத் தெரியாத சராயேவோக்காரனை இப்பத்தான் பாக்குறேன். இந்தப் படிப்பை எதுக்குடா எடுத்தே?"

"அப்புறம் சொல்றேம்மா."

தேர்வை நடத்தும் பேராசிரியை வாசலில் நின்று ஏதோ குறித்துக்கொண்டார்.

நெர்மின் மறுபடி காபி வைத்தான். நுரை விளிம்புக்கு ஏறியது. அவன் வேடிக்கை பார்த்தான்.

"பொங்குது, எடுடா!"

அவன் அசையவில்லை. ஸும்ரெத்தாவே பாய்ந்து பாத்திரத்தின் பிடியைப் பற்றித் தூக்கினார்.

"நீ ஃபெயில்தான்!"

"எந்தக் கையால தூக்குனீங்கம்மா?"

ஸும்ரெத்தா குனிந்து பார்த்தார். வலக்கை. பக்கவாதம் வந்து தேறிய பிறகும் பயத்தில் மடியைவிட்டு எடுக்காத கை. நெர்மினின் தேர்வுக்கு வந்த நோயாளி அவர்தான்; அந்தக் கையை மறுபடி அன்றாட வேலைக்குப் பழக்குவதுதான் தேர்வு.

"உனக்கு நிஜமாவே காபி போட வராதா?" என்றார் பேராசிரியை.

"எங்க வீட்டுல காபிக்கடைதான் மேடம் நடத்துறோம். எதுக்கு இந்தப் படிப்புன்னு இந்த அம்மா கேட்டாங்களே, இதுக்குத்தான்."

ஸும்ரெத்தா இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலக்கை பாத்திரத்தை விடவில்லை.

"திருட்டுப் பயலே, கோப்பையை எடு. நானே ஊத்துறேன்."