பள்ளத்தில் தலைவர்

புதுப்பட்டினத்தில் செங்கம்மாளின் இட்லிக் கடைக்கு எதிரே, நடுரோட்டில் பெரிய பள்ளம். தினமும் யாராவது விழுந்து எழுந்து போவார்கள். மனு கொடுத்துக் கொடுத்து அவளுக்குக் கையே ஓய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், பள்ளத்துக்குள்ளே சினிமா ஹீரோ ‘சூறாவளி ஸ்டார்’ ஓவியமாகக் கழுத்தளவு முழுகிக்கொண்டிருந்தார்! கூலிங்கிளாஸைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் பெயிண்ட் டப்பாவோடு ஓவியன் ஆல்வின்.

“நீ நல்லா இருக்கணும் ராஜா! இப்பவாச்சும் அந்தக் கவுன்சிலருக்கு ரோஷம் வருதா பாப்போம்” என்று அவனுக்குச் சும்மாவே நாலு இட்லி வைத்தாள்.

ரோஷம் வந்தேவிட்டது. மதியமே கவுன்சிலர் நரசிம்மன் ஜல்லி லாரியோடு வந்து இறங்கினார்.

ரசிகர் மன்றமும் வந்து இறங்கியது.

“தலைவர் மூஞ்சில ஜல்லி கொட்டுவியா? கொட்டித்தான் பாரேன்!”

பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, மாலை போட்டு, பாலும் ஊற்றினார்கள்.

“நான் இன்னா பண்றது? மக்களே தடுக்கறாங்களே!” என்று கவுன்சிலர் லாரியைத் திருப்பி அனுப்பினார். பிறகு கடைக்குள் வந்து, ஆல்வின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வயிற்றெரிச்சலோடு டீ கொண்டுபோன செங்கம்மாளின் காதில் அவர் கிசுகிசுத்தது விழுந்தது.

“சொன்னபடியே வரைஞ்சிட்டே தம்பி. நாளைக்கு மார்க்கெட் பள்ளம். அங்கயும் ஹீரோதான். வில்லன கில்லன வரைஞ்சி வச்சிடாதே, அப்பால நெசமாவே மூட வேண்டியதாப் பூடும்!”