போத்தலுக்குக் காவல்

"சத்தியமா தொடலப்பா. எத்தன தடவ சொல்றது?"

"போன தடவயும் இப்படித்தான்டா சொன்ன!"

ரவாங் சிகிச்சை நிலையத்தின் நடையில் தனேஷும் அவன் அப்பா தேவதாஸும் உட்கார்ந்திருந்தார்கள். தனேஷுக்குப் பத்தொன்பது வயது. ஷாபு என்கிற போதைப்பொருளோடு பிடிபட்டவன். வாரா வாரம் இங்கே வந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. போன மாதம் ஒரு முறை மாட்டிக்கொண்டான். இன்னொரு முறை மாட்டினால் நேரே உள்ளேதான்.

ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போய், விடிய விடிய லோரி ஓட்டித் திரும்பிய தேவதாஸ், ராசாவிலுள்ள வீட்டில் முகம்கூடக் கழுவாமல் மகனை இழுத்து வந்திருந்தார். பியர், சிகரெட் எதையும் தொடாத மனிதர். தனக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று கோயிலில் நின்று அழுதிருக்கிறார்.

"முந்தாநாள் கண்ணு ஏன்டா செவந்திருந்துச்சு?"

"வெல்டிங் அடிச்சேன்பா. பட்டறையில பாஸைக் கேளுங்க லா."

"அவன் உன் பக்கம்தான் பேசுவான்."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று தனேஷ் எழுந்தான். கழிவறைக்குப் போய்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தான். கூடப் போய்க் கண்காணிக்க வேண்டிய ஆள் அன்று லீவு.

"தனேஷ், மொதல்ல பிரஷர் பார்த்துடலாம், வா," என்று உள்ளேயிருந்து தாதி திலகா கூப்பிட்டார்.

"அப்பா, இதப் பார்த்துக்குங்க," என்று போத்தலைத் தன் நாற்காலியில் வைத்தான்.

"போ, போ. நான் இருக்கேன்ல."

பெற்ற பாவத்துக்குப் போத்தலுக்கெல்லாம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது!

தனேஷ் திரும்பி வந்தபோது போத்தல் அதே நாற்காலியில் பத்திரமாக இருந்தது. தேவதாஸின் முகமும் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"போறப்ப ரொட்டி சானாய் சாப்பிடலாம்டா," என்றார். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

திலகா போத்தலை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"ஷாபு காட்டுதுப்பா, தனேஷ்."

"இருக்காது மிஸ்ஸி! இன்னொரு தடவ பாருங்க!"

"ரெண்டாவது தடவயும் பார்த்துட்டேன்பா."

தனேஷ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தொடவே இல்லப்பா. நீங்களாவது நம்புங்கப்பா."

தேவதாஸ் மெல்ல எழுந்து நின்றார்.

"மிஸ்ஸி, அவனோடதக் கொட்டிட்டு அந்தப் போத்தல்ல என்னோடத ரொப்பி வச்சது நான்தான். லோரி ஓட்டுறப்ப தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை போடுவேன். காப்பி மாதிரிதான்னு நெனச்சேன், அதுல இந்தச் சாமான் இருக்கும்னு தெரியாது. என் லைசென்ஸ் போனா போகட்டும், இவன விட்டுடுங்க."

பிறகு மகனைப் பார்த்தார்.

"உன்ன நம்பியிருந்தா மாத்தியிருக்கவே மாட்டேன்டா."